திருக்கார்த்திகை: எந்த நாள் ஏற்றுவது, எத்தனை விளக்கு, காற்றில் அணையாமல் இருக்க என்ன வழி?

புதுமனை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இந்த வருஷம் முதல்முறையாகத் தனிக்குடித்தனத்தில் திருக்கார்த்திகை கும்பிடப் போகிறோம். சென்னையில் நான்காவது மாடி. பால்கனி கடல் பக்கம் பார்த்தது, காற்றுக்குக் குறைவில்லை.

நாள்காட்டியில் பரணி தீபம், அண்ணாமலையார் தீபம், சர்வாலய தீபம், பாஞ்சராத்ர தீபம் என்று அடுத்தடுத்துப் போட்டிருக்கிறது. என் பிறந்த வீடு சைவம், புகுந்த வீடு வைணவம். எந்த நாளை எடுத்துக்கொள்வது? எத்தனை விளக்கு, எங்கெங்கே வைக்க வேண்டும்? புது அகல் எண்ணெயைக் குடித்துவிடுகிறது, பால்கனியில் வைத்தால் பாதி விளக்கு நிற்பதில்லை. அதற்கு ஏதாவது வழி உண்டா? பொரி உருண்டைப் பாகுக்கு எது சரியான பதம்? அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும். இந்த நாளின் தாத்பரியத்தையும் யாராவது விளக்கினால் நன்று.

கிருத்திகைநாள் எழுதியது:

நாள் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். கார்த்திகை மாதத்தில் சந்திரன் கிருத்திகை நட்சத்திரத்தில் நிற்கும் நாள்தான் திருக்கார்த்திகை. அந்த மாதத்துப் பௌர்ணமியும் அதை ஒட்டியே வரும். ஒட்டி வருமே தவிர, எல்லா ஆண்டும் ஒரே நாளில் வராது. திதி ஒரு கணக்கில் ஓடும், நட்சத்திரம் வேறு கணக்கில் ஓடும். இரண்டில் எதை முதலாகக் கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்து நாள் மாறுகிறது.

திருவண்ணாமலையில் நட்சத்திரம்தான் கணக்கு. உத்திராடத்தில் கொடியேறும். அங்கிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள்: திருவோணம், அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி, அசுவினி, பரணி, பத்தாவது கிருத்திகை. அதுதான் பத்தாம் நாள் மகா தீபம், உங்கள் நாள்காட்டி சொல்லும் அண்ணாமலையார் தீபம். 2024-இல் டிசம்பர் 13 அன்று மகா தீபம் ஏற்றினார்கள், பௌர்ணமியோ 14-ஆம் தேதி மாலைதான் தொடங்கியது. 2025-இல் தீபம் டிசம்பர் 3, பௌர்ணமி 4. பெருமாள் கோயில்களில் பௌர்ணமியை முதலாகக் கொண்டு பாஞ்சராத்ர தீபம் ஏற்றுவதால்தான் அந்த நாள் பின்தள்ளி வருகிறது. சர்வாலய தீபம் என்பது மற்றக் கோயில்களுக்குப் பொதுவாகக் குறித்த நாள்.

பரணி தீபத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வீடுகளில் அது முந்தைய நாள் மாலை சில விளக்குகள் ஏற்றுவது. திருவண்ணாமலையில் தீபத்தன்று விடியற்காலை 4 மணிக்குக் கருவறை முன் ஏற்றுவது. ஒரு தீபத்திலிருந்து ஐந்து தீபம் ஏற்றி மறுபடி ஒன்றாக்குவார்கள். ஒருவனே பலவாகி ஐந்தொழில் செய்கிறான், பலவும் அவனிலேயே ஒடுங்குகின்றன என்பது அதன் பொருள். அன்று மாலை 6 மணிக்கு அர்த்தநாரீசுவரர் ஆண்டுக்கு ஒருமுறை சில நிமிடங்கள் மட்டும் வெளியே வந்து காட்சி தருவார். கொடிமரத்தின் முன் அகண்ட தீபம் ஏறும். அதே கணத்தில் 2,668 அடி உயர மலை உச்சியில் கொப்பரையில் மகா தீபம். ஏற்றும் உரிமை பர்வதராஜ குலம் என்னும் மீனவச் சமூகத்தாருடையது. ஆயிரக்கணக்கான கிலோ நெய்யும் நீள நீளமான காடாத் துணித் திரியும் உச்சிக்குப் போகும். தீபம் 11 நாள் எரியும். பிறகு கொப்பரையை இறக்கி, அதில் சேர்ந்த மையை ஆருத்ரா தரிசனத்தன்று நடராசருக்குச் சாத்தி அடியார்களுக்குக் கொடுப்பார்கள்.

தாத்பரியம் கேட்டீர்கள். சைவத்தில் முதலில் சொல்வது அடிமுடி தேடிய வரலாறு. திருமால் பன்றியாய் நிலத்தை அகழ்ந்தார், பிரமன் அன்னமாய் வானில் பறந்தார், இருவருக்கும் எட்டாத அழல் தூணாகச் சிவன் நின்றான். அண்ணாமலையே அந்த அழல் என்பதால்தான் உச்சியில் விளக்கு. இரண்டாவது, முருகனுக்குப் பாலூட்டிய கார்த்திகைப் பெண்கள் அறுவரின் நாள் இது. ஆனால் விளக்கு வரிசை சங்க காலத்திலேயே தமிழ்நாட்டில் இருந்திருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. மழை ஓய்ந்த வானில் நிறைமதி அறுமீனோடு, அதாவது கிருத்திகை நட்சத்திரத்தோடு சேரும் இரவில் தெருவெங்கும் விளக்கு வைத்து மாலை தொங்கவிட்டு ஊரே கொண்டாடியதை அகநானூறு (141) சொல்கிறது. மயிலாப்பூர்ப் பதிகத்தில் சம்பந்தர் இந்நாளை ‘விளக்கீடு’ என்றே பாடுகிறார். அன்று விளக்கேற்றும்போது சொல்லும் ஒரு சுலோகமும் உண்டு. புழு, விட்டில், கொசு, மரம், நீரிலும் நிலத்திலும் வாழும் உயிர் எதுவானாலும் இந்த ஒளியைக் கண்டால் அதற்குப் பிறவி இல்லாமல் போகட்டும் என்பது அதன் கருத்து. விளக்கை பூசை அறைக்குள் மட்டும் வைக்காமல் வாசலிலும் கொல்லையிலும் வைப்பது எதற்கு என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

உங்கள் வீட்டுக்கு: இரண்டு சம்பிரதாயமும் இருப்பதால் எதையும் விட வேண்டியதில்லை. பரணி மாலை வாசலில் இரண்டு விளக்கு. அண்ணாமலையார் தீபத்தன்று முழு வரிசை. பாஞ்சராத்ர தீபத்தன்று பெருமாள் முன்பும் வாசலிலும் ஐந்தோ ஒன்பதோ. சில ஊர்களில் இதற்கும் அடுத்த நாளைக் குப்பைக் கார்த்திகை என்று சொல்லி மாட்டுத் தொழுவத்திலும் எருக்குழி ஓரத்திலும் விளக்கு வைப்பார்கள்.

விரதம் இருப்பவர்கள் பரணியன்று பகலில் ஒருவேளை உண்டு, கிருத்திகை முழுக்க உபவாசம் இருந்து, ரோகிணி காலையில் பாரணை செய்து, அதாவது உண்டு, விரதத்தை முடிப்பது முறை. முடியாதவர்கள் விளக்கேற்றிய பின் பொரியும் பழமும் எடுத்துக்கொள்வது வழக்கத்தில் உள்ளதுதான்.

மண்அகல் எழுதியது:

விளக்கு விஷயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலான தொல்லை ஏற்றும் நேரத்தில் வருவதல்ல, இரண்டு நாள் முன்னால் செய்யாமல் விட்டதால் வருவது.

வாங்கும்போதே ஒவ்வொரு அகலையும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நன்றாக வெந்தது. மந்தமாகக் கேட்டால் கீறல் இருக்கிறது அல்லது வேக்காடு போதவில்லை. மேலே பெயின்ட் அடித்து மணி ஒட்டிய அகல் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சூட்டில் பெயின்ட் நாற்றமடிக்கும், ஒட்டிய பசை இளகும். எண்ணெய் விட்டு எரிக்கச் சாதாரணச் செம்மண் அகலே நல்லது. மூக்கு நன்றாக அழுத்தி விட்டிருக்க வேண்டும். மூக்கு ஆழமில்லாத அகலில் திரி நழுவி எண்ணெய்க்குள் விழும்.

புது அகலை ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊற வையுங்கள். முதலில் குமிழ் குமிழாக வரும், அது மண்ணின் நுண்துளையிலிருந்து காற்று வெளியேறுவது. காலையில் தேய்த்துக் கழுவி, கவிழ்த்து, நிழலில் உலர்த்த வேண்டும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். இரண்டு நாள் கடும் வெயிலில் காய வைத்தால் துளைகள் மறுபடி வெறுமையாகி முன்போலவே எண்ணெயை இழுக்கும். மேற்பரப்பு உலர்ந்து, உள்ளே சிறிது ஈரம் தங்கியிருக்கும்போது எண்ணெய் உள்ளே போக இடமில்லை. ஆகவே தீபத்துக்கு முந்தைய இரவு ஊற வைத்து, அன்று காலை எடுத்து நிழலில் வைத்தால் மாலைக்குச் சரியாக இருக்கும். ஆனால் மூக்குப் பக்கம் மட்டும் துணியால் ஒற்றி நன்றாக உலர்த்திவிடுங்கள். அங்கே ஈரம் இருந்தால் திரி படபடவென்று பொரிந்து அணையும்.

போன வருஷத்து அகல் கையில் இருந்தால் சலவை சோடா போட்ட கொதிநீரில் அரை மணி நேரம் கிடத்தி, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தேய்த்தால் பிசுக்கு போகும். அதை நன்றாகவே காய வைக்கலாம். பழைய எண்ணெய் துளைகளை ஏற்கெனவே அடைத்திருக்கும்.

எண்ணெய்: நல்லெண்ணெய்தான் முதல். அந்தக் காலத்தில் கோயில்களில் இலுப்பை எண்ணெய் ஏராளமாக எரித்தார்கள், இன்று சுத்தமாகக் கிடைப்பது அரிது. காற்றடிக்கும் இடத்துக்கு மூன்று பங்கு நல்லெண்ணெயோடு ஒரு பங்கு விளக்கெண்ணெய் கலந்தால் சுடர் நின்று எரியும், எண்ணெயும் மெதுவாகச் செலவாகும். விளக்கெண்ணெயை மட்டும் ஊற்றாதீர்கள். அது கெட்டி, திரி மேலே இழுக்கத் திணறும், சுடர் கருகும். தேங்காயெண்ணெய் சென்னையில் பரவாயில்லை. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் டிசம்பர் குளிரில் அகலிலேயே உறைந்துபோகும். நெய்யும் அப்படியே. நெய் விளக்கென்றால் திரியை உருக்கிய நெய்யில் முக்கி எடுத்துத்தான் வைக்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் ‘தீப எண்ணெய்’ பாட்டிலில் என்ன கலந்திருக்கிறது என்று அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

அளவு: நடுத்தர அகல் ஒன்றுக்கு 15 மில்லி, அதாவது ஒரு மேசைக்கரண்டி. 27 விளக்குக்கு 405 மில்லி. இடையில் ஒருமுறை கொஞ்சம் விடவும் சேர்த்து அரை லிட்டருக்குச் சற்று மேல் வைத்துக்கொண்டால் போதும். மெல்லிய திரியென்றால் ஒரு நிரப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எரியும்.

திரி: கடையில் வாங்கும் நூல்திரி இரண்டைச் சேர்த்து ஒன்றாக முறுக்குங்கள். ஒற்றைத் திரி காற்றுக்குத் தாங்காது, மூன்று சேர்த்தால் புகையும். ஏற்றுவதற்குக் கால் மணி முன்பே எண்ணெயில் ஊறியிருக்க வேண்டும். உலர்ந்த திரியை வைத்து மேலே எண்ணெய் ஊற்றிய உடனே பற்ற வைத்தால், நுனி கரியாகிவிடும், எண்ணெய் ஏறி வந்து சேரும் முன்பே அணைந்துவிடும். மூக்குக்கு வெளியே நுனி கால் அங்குலம் நீட்டியிருந்தால் போதும். அதற்கு மேல் நீண்டால் சுடர் பெரிதாகிப் புகை வரும், மூக்கின் வெளிப்புறம் எண்ணெய் வடியும். ஒரு மணி நேரத்தில் நுனியில் கரிமொட்டு கட்டும். ஈர்க்குச்சியால் தட்டிவிட்டுத் திரியைச் சிறிது முன்னே தள்ளுங்கள்.

காற்று: பழைய வீடுகளில் வாசல் இருபுறமும் விளக்கு மாடம் வைத்துக் கட்டியது இதற்குத்தான். ஃபிளாட்டில் அதற்கு மாற்று, பால்கனிச் சுவர் மேல் வைக்காமல் உள்பக்கம் தரையில், சுவரை ஒட்டி வைப்பது. மேலே வைத்தால் காற்றும் அதிகம், கீழே யார் தலையிலாவது விழும் அபாயமும் உண்டு. மூக்கு காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறம் பார்க்கட்டும். அப்படியும் நிற்கவில்லையென்றால் வாயகன்ற கண்ணாடிக் குடுவைக்குள் அகலை இறக்கி வைக்கலாம். குடுவை அகலைவிட ஒரு கைப்பிடியாவது உயரமாக, வாய் திறந்தே இருக்க வேண்டும். குறுகிய வாயென்றால் காற்றோட்டம் இல்லாமல் சுடர் மங்கி, கண்ணாடி கரிப்பிடித்து விரிசல் விடும்.

எத்தனை என்றால்: 27 நட்சத்திரத்துக்கு 27 என்பது பரவலான கணக்கு. இடமில்லாத வீட்டில் ஒன்பது வைப்பார்கள். எண்ணிக்கைக்காக நெருக்கி அடுக்குவதைவிட, ஒரு சாண் இடைவெளியில் குறைவாக வைத்து எல்லாம் நின்று எரிவது மேல். நெருக்கி வைத்தால் ஒன்றின் சூட்டில் பக்கத்து விளக்கின் எண்ணெய் காய்ந்து சுடர் கிளம்பும்.

வரிசை: பூசை அறைக் குத்துவிளக்கை முதலில் ஏற்றுங்கள். ஐந்து முகமும் ஏற்றுவது அன்று விசேஷம். அதிலிருந்து ஓர் அகலை ஏற்றி, அந்தச் சுடரால் நிலைவாசல் இரண்டு பக்கம், பிறகு கோலத்தின் மேல், அடுப்படியில் ஒன்று, துளசி மாடம், பால்கனி. டிசம்பர் தொடக்கத்தில் சென்னையில் சூரியன் 5:40 வாக்கில் மறைந்துவிடும். அதற்குள் எண்ணெய், திரி எல்லாம் வைத்துத் தயாராக இருங்கள். பல வீடுகளில் மலை மேல் தீபம் ஏறியதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகே அகலை ஏற்றுவார்கள், 6 மணிக்குச் சரியாக அமையும்.

அகலுக்கு அடியில் பூவரச இலையோ வாழையிலைத் துண்டோ வையுங்கள். மண் அகல் எவ்வளவு ஊற வைத்தாலும் அடியில் எண்ணெய் கசியும். டைல்ஸில் விழுந்த எண்ணெயை உடனே அரிசி மாவோ கடலை மாவோ தூவி உறிஞ்ச விட்டுத் துடைத்தால் போய்விடும். சிமென்ட், மெருகேற்றாத கல் என்றால் கறை தங்கும்.

ஃபிளாட்டுக்கென்று ஒரு கண்டிப்பான வார்த்தை: படிக்கட்டிலும் லிஃப்ட் வாசலிலும் விளக்கு வைக்காதீர்கள். எண்ணெய் சிந்திய படியில் வழுக்கினால் எலும்பு முறியும், ஏதாவது தீப்பிடித்தால் எல்லாரும் இறங்கும் வழி அதுதான். கதவுத் திரைச்சீலையை அன்று முடிந்து மேலே கட்டிவிடுங்கள், கால்மிதியை உள்ளே எடுத்துவிடுங்கள். தாழ்வாரத்தில் செருப்பு அலமாரி இருந்தால் அதன் பக்கத்தில் வேண்டாம். ஒரு வாளியில் மணலோ, நனைத்த சாக்கோ கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். எரியும் எண்ணெய் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

வெல்லப்பாகு எழுதியது:

பொரி உருண்டைக்கு வருகிறேன். இதில் கெடுவதெல்லாம் பாகிலும் ஈரப்பதத்திலும்தான்.

கார்த்திகைக்கு அவல் பொரி, நெல் பொரி இரண்டும் வாங்குவார்கள். நெல் பொரியில் உமி ஒட்டியிருக்கும். முறத்தில் புடைத்து, கையால் பொறுக்கி எடுத்தபின்தான் நிவேதனத்துக்கு ஆகும். இதற்கு நேரம் பிடிக்கும், காலையிலேயே செய்துவிடுங்கள். மழைக்காலம் என்பதால் எந்தப் பொரியானாலும் கொஞ்சம் நமத்திருக்கும். அடிகனமான வாணலியில் சிறு தீயில் மூன்று நிமிடம் வெறுமனே வறுத்து ஆற விட்டால் மொறுமொறுப்பு திரும்பும். இதைச் செய்யாமல் பாகில் கொட்டினால் எவ்வளவு நல்ல பாகானாலும் மறுநாள் உருண்டை சவசவத்துப் போகும்.

ஐந்து கிண்ணம் பொரிக்கு ஒரு கிண்ணம் பொடித்த பாகு வெல்லம், கால் கிண்ணம் தண்ணீர். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப் பல்லை நெய்யில் சிவக்க வறுத்துக்கொள்ளுங்கள். ஈரத் தேங்காயாகப் போட்டால் இரண்டாம் நாளே வாடை வந்துவிடும். பொட்டுக்கடலை இரண்டு மேசைக்கரண்டி, ஏலக்காய்ப் பொடி அரைத் தேக்கரண்டி, சுக்குப் பொடி கால் தேக்கரண்டி.

வெல்லம் கரைந்ததும் ஒருமுறை வடிகட்டி மண்ணை நீக்கிவிட்டு மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். முதலில் நுரைத்துப் பொங்கும், பிறகு நுரை அடங்கிக் கனத்த குமிழ் வரும். அப்போதிலிருந்து அரை நிமிடத்துக்கு ஒருதரம் சோதிக்க வேண்டும். கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்து ஒரு சொட்டு பாகு விடுங்கள். கரைந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. விரலில் திரட்ட வந்து, ஆனால் அழுத்தினால் நசுங்கினால் அது அதிரசப் பதம், பொரி உருண்டைக்குப் போதாது. திரட்டிய உருண்டையைத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் கேட்க வேண்டும். அந்த நொடியே அடுப்பை அணைத்து, ஏலம், சுக்கு, தேங்காய் போட்டு, பொரியைக் கொட்டிக் கிளறுங்கள்.

பாகு இளகலாக இருந்தால் உருண்டை பிடிக்கும்போது நன்றாக வந்து, ஆறியதும் ஒட்டிக்கொண்டு தளர்ந்துவிடும். பாகு முற்றிவிட்டால் நான்கு உருண்டை பிடிப்பதற்குள் பாத்திரத்தோடு இறுகும். அப்படி இறுகினால் பாத்திரத்தை மிகச் சிறு தீயில் அரை நிமிடம் காட்டினால் இளகும், மீதியைப் பிடித்துவிடலாம். ஒருமுறைக்கு மேல் சூடாக்கினால் பாகு கருகிக் கசக்கும். இளகல் பாகில் ஏற்கெனவே பொரியைக் கலந்துவிட்டால் அதைத் திருத்த வழியில்லை. பாகு பொரியாகவே நைவேத்தியம் செய்துவிடுங்கள், அதுவும் வழக்கத்தில் உள்ளதே.

கையில் தண்ணீர் தொட்டு உருண்டை பிடிக்கவே கூடாது. அரிசி மாவை லேசாகத் தடவிக்கொள்ளுங்கள், சூடும் உறைக்காது, ஒட்டவும் ஒட்டாது. முதலில் மென்மையாகச் சேர்த்து ஒரு சுற்றுப் பிடித்து வைத்து, கொஞ்சம் ஆறியதும் இரண்டாம் முறை அழுத்திப் பிடித்தால் உதிராது. எடுத்ததுமே இறுக்கினால் பொரி நொறுங்கும்.

சில வெல்லம் எவ்வளவு காய்ச்சினாலும் ‘டங்’ பதத்துக்கே வராது, உப்புக் கரிக்கும். வாங்கும்போது ஒரு துண்டு வாயில் போட்டுப் பாருங்கள்.

அப்பத்துக்கு: ஒரு கிண்ணம் பச்சரிசி இரண்டு மணி நேரம் ஊறியது, முக்கால் கிண்ணம் வெல்லம், ஒரு கனிந்த வாழைப்பழம், ஏலக்காய். இட்லி மாவு பதத்தில் அரைத்து, குழிக்கல்லில் நெய் விட்டு மிதமான தீயில் சுடுங்கள். வெல்லம் கூடினால் நெய்யில் பிரிந்து கருகும், அப்போது ஒரு கரண்டி கோதுமை மாவு சேர்த்தால் சேர்ந்து வரும்.

புதுமனை எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு எல்லாருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். திரி நுனியில் கற்பூரப் பொடி வைத்தால் சட்டென்று பற்றும் என்கிறார்களே, வைக்கலாமா? இரவு விளக்கைத் தானாக அணையும் வரை விட வேண்டுமா? தெற்கே பனை ஓலைக் கொழுக்கட்டை செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அதையும் யாராவது சொல்லுங்கள்.

பனங்காடு எழுதியது:

நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் திருக்கார்த்திகை என்றாலே ஓலைக் கொழுக்கட்டைதான். பொரியெல்லாம் எங்களுக்கு அப்புறம்தான்.

பனங்குருத்து ஓலை வேண்டும். முற்றிய ஓலை மடக்கினால் முறியும். குருத்தோலையை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, நடு ஈர்க்கோடு தொட்டி மாதிரி விரித்துக்கொள்ள வேண்டும். கடையில் வாங்கி ஒருநாள் ஆகியிருந்தால் அரை மணி நேரம் தண்ணீரில் போட்டால் நெகிழும்.

பச்சரிசியை ஊற வைத்து, வடித்து, ஈரத்தோடு இடித்துச் சலித்து லேசாக வறுத்த மாவு இரண்டு கிண்ணம். கருப்பட்டி ஒன்றே கால் கிண்ணம். கருப்பட்டியைத் தட்டி, முக்கால் கிண்ணம் தண்ணீரில் கரைத்து வடிகட்டிக் கொதிக்க வைக்க வேண்டும். இதற்குப் பாகு பதம் வேண்டாம், கரைந்து கொதித்தால் போதும். வறுத்து முக்கால் வேக்காட்டில் எடுத்த சிறுபயறு அரைக் கிண்ணம், தேங்காய்த் துருவல் ஒரு கிண்ணம், சுக்கு, ஏலம். எல்லாவற்றையும் மாவோடு கலந்து, சூடான கருப்பட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள். கையில் லேசாக ஒட்டும் பதம். சப்பாத்தி மாவு போல இறுகினால் வெந்ததும் கல்லாகிவிடும். ஓலைக்குள் ஒரு விரல் கனத்துக்கு வைத்து, இன்னொரு ஓலையால் மூடி, ஓலைக் கிழிசலாலேயே கட்டி, ஆவியில் 20 முதல் 25 நிமிடம். ஓலை வாசம் மாவில் இறங்கினால்தான் அது கார்த்திகைக் கொழுக்கட்டை. கடையில் விற்கும் வறட்டு அரிசி மாவில் செய்தால் விண்டு விண்டு போகும், அவசியமானால் மாவில் முதலில் வெதுவெதுப்பான நீர் தெளித்து அரை மணி நேரம் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

சொக்கப்பனையும் எங்கள் பக்கம் தவறாது. கோயில் முன் பனைமரத் துண்டை நட்டு, குறுக்குக் கம்பு கட்டி, காய்ந்த ஓலையைச் சுற்றி வேய்ந்து, சுவாமி வந்து நின்றதும் கொளுத்துவார்கள். சிவாலயங்களில் திரிபுரம் எரித்ததற்கு அடையாளம் என்று சொல்வார்கள். பெருமாள் கோயில்களிலும் உண்டு, திருவரங்கத்தில் சொக்கப்பனை பெரிய விழா. எரிந்த கரியை நெற்றியில் இட்டுக்கொள்வதும் வயலில் போடுவதும் வழக்கம்.

பிள்ளைகளுக்கு மாவலி. ஆண் பனையின் பூக்கதிரைக் காய வைத்து, குழியில் போட்டு எரித்து, நன்றாகக் கனன்றதும் மண் போட்டு மூடிவிட்டால் சாம்பலாகாமல் கரியாகும். அதை நுணுக்கிக் கொஞ்சம் உப்புச் சேர்த்து, பழைய பருத்தித் துணியில் விரல் கனத்துக்கு இறுகச் சுருட்டி நூலால் கட்ட வேண்டும். பச்சைப் பனைமட்டையை மூன்றாகப் பிளந்து நடுவில் சுருளை வைத்துக் கட்டி, மட்டையின் நுனியில் நீளக் கயிறு. சுருளின் முனையில் கங்கு வைத்து ஊதி, தலைக்கு மேல் சுற்றினால் பொறி பூவாய்ச் சொரியும். கரியை மூடுமுன் சாம்பலாக விட்டுவிட்டால் பொறி வராது. சுற்றுபவரைச் சுற்றி மூன்று ஆள் தூரத்துக்கு யாரும் நிற்கக் கூடாது, நைலான் உடுப்பு ஆகாது. மாடி வீட்டில் வேண்டாம், திறந்த மைதானம் இருந்தால் மட்டும்.

வளவு எழுதியது:

யாழ்ப்பாணத்திலும் இதை நாங்கள் விளக்கீடு எண்டுதான் சொல்லுவம். ‘கார்த்திகை தீபம்’ எண்டு சொல்லுறது குறைவு. கார்த்திகை நட்சத்திரத்தண்டு முருகன் கோயில்களில குமாராலய தீபம், பூரணையை ஒட்டிச் சர்வாலய தீபம். மேலே கேட்ட நாள் குழப்பத்துக்கு இங்க இந்த இரண்டு பேரும் தெளிவாக விடை சொல்லும்.

வீட்டில படலைக்கு முன்னால வாழைக்குற்றி நட்டு, மேற்பக்கத்தைச் சமனாக வெட்டி, அதில தேங்காய்ப் பாதியோ பெரிய சிட்டியோ (மண் விளக்கு) வைச்சு எண்ணெய் விட்டுத் துணித்திரி போட்டுக் கொளுத்துவினம். குற்றி ஒரு முழமாவது நிலத்துக்குள்ள இறங்கோணும், மழை பெய்த மண் இளகி இருக்கிறதால மேலோட்டமாக நட்டால் காத்துக்குச் சரியும். வாழைத்தண்டில நீர் இருக்கிறதால எண்ணெய் வழிஞ்சாலும் பத்தாது, அதுதான் அதின்ர வசதி. கிணத்தடி, மாட்டுக்கொட்டில், வேலியோரம் எல்லாம் தடியில துணி சுத்தித் தேங்காயெண்ணெயில நனைச்ச பந்தம் குத்துவினம். துணி பருத்தியாக இருக்கோணும். பொலியெஸ்டர் துணி உருகிச் சொட்டும், காலில விழுந்தால் தோலோட ஒட்டிக்கொள்ளும்.

வேலி பனையோலை வேலி எண்டால் பந்தத்தை ஒரு பாகம் (இரண்டு கையையும் விரிச்ச நீளம்) தள்ளியே குத்துங்கோ.

மண்அகல் எழுதியது:

புதுமனை அவர்களுக்கு: கற்பூரம் அவசியமே இல்லை. திரி ஊறியிருந்தால் தீக்குச்சி காட்டிய உடனே பிடிக்கும். வைத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு சிட்டிகையை நெய்யில் குழைத்து நுனியில் மட்டும் தொட்டு வையுங்கள். பொடியாகத் தூவினால் எண்ணெய்க்குள் கொட்டி, அகல் முழுக்கப் பற்றி எரியும், சுவரில் கரி படியும். இருபத்தேழு விளக்குக்கும் அப்படி வைத்தால் மூடிய பால்கனியில் கண் எரியும்.

இரவு யாராவது விழித்திருக்கும் வரைதான் விளக்கு எரிய வேண்டும். வாயால் ஊதி அணைக்கும் வழக்கம் இல்லை. பூக்காம்பாலோ ஈர்க்குச்சியாலோ திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிட்டால் தானாக அமரும், மலையேற்றுவது என்று சொல்வார்கள். பால்கனி, வாசல் விளக்கையெல்லாம் முதலில் மலையேற்றிவிட்டு பூசை அறை விளக்கை கடைசியாக. உடனே அகலைக் கையால் எடுக்காதீர்கள், மண்ணில் சூடு கால் மணி நேரம் தங்கும். மிச்ச எண்ணெயைக் கழுவுதொட்டியில் கொட்டினால் குழாய் அடைக்கும். ஒரு பாத்திரத்தில் வடித்து வைத்து, அடுத்த நாள் விளக்குக்கே பயன்படுத்துங்கள். அடியில் கரி படிந்திருந்தால் மெல்லிய துணியில் வடிகட்டினால் தெளிந்துவிடும்.

கிருத்திகைநாள் எழுதியது:

ஒன்று சொல்ல மறந்தேன். திருக்கார்த்திகையன்று பெண்கள் உடன்பிறந்தவர்கள் நலத்துக்காக வேண்டிக்கொள்வதும், பிறந்த வீட்டிலிருந்து கார்த்திகைச் சீர் வருவதும் பல குடும்பங்களில் உண்டு. முதல் வருஷம் என்பதால் உங்கள் அம்மா வீட்டில் எந்த நாள் என்று விசாரிப்பார்கள். பாஞ்சராத்ர தீபத்தையும் கும்பிடுவதாக முன்பே சொல்லி வையுங்கள், எந்த நாளில் வருவது என்று அவர்கள் திட்டமிட வசதியாக இருக்கும்.

திருவண்ணாமலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், தீப நாளன்று கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரும் கூட்டம் நெரியும். தீபம் 11 நாள் எரிவதால் நான்கைந்து நாள் கழித்துப் போனாலும் மலை மேல் சுடரைக் காணலாம், நடக்கவும் இடமிருக்கும். மலை ஏறலாம் என்று நம்பிப் போகாதீர்கள். 2024-இல் மழையில் மலைச்சரிவு ஏற்பட்டதால் அந்த ஆண்டு தீபத்துக்குப் பக்தர்களை ஏற விடவில்லை. அந்தந்த ஆண்டு மாவட்ட நிர்வாகம் அறிவிப்பதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.